சீருடையில் இருக்கும்போதே சிறுநீரகம் தரலாமா? அமெரிக்கப் படைவீரர் முன் உள்ள வழிகள்

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 26. அமெரிக்க ராணுவத்தில் சார்ஜன்ட். அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கியாகிவிட்டது. பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் இருப்பதால் அவர்களால் தர முடியாது. தம்பியான இவருக்கு உடம்பும் சரியாக இருக்கிறது, தர மனமும் இருக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு அவருடைய பட்டாலியன் வெளிநாட்டுக்குப் புறப்படப் போகிறது.

இவரைப் போன்ற பலர் அமெரிக்கப் படைகளில் இருக்கிறார்கள். உறுப்பு தானம் பற்றிய பொதுவான கையேடுகள் இவர்களுக்குப் பாதிதான் உதவும். அவை அலுவலகம் போய்வருபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இப்போதே சிறுநீரகம் தருவது, பரிமாற்றத்தில் தருவது, வவுச்சர் (பின்னாளில் தன் குடும்பத்தவருக்கு முன்னுரிமை வாங்கித்தரும் சீட்டு) பெற்றுக்கொண்டு தருவது, பணி முடிந்தபின் தருவது, கல்லீரலில் ஒரு பகுதி தருவது, எலும்பு மஜ்ஜை தருவது என்று படைவீரர் முன் பல வழிகள் இருக்கின்றன. அவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது காலத்தைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். எந்த உறுப்பு, எந்த மருத்துவமனை என்பதெல்லாம் அதன்பிறகு வரட்டும்.

உயிரோடு இருப்பவர் உறுப்பு தரும் சிகிச்சைக்கும் ராணுவத்துக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பென்சில்வேனியாவில் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் தீக்காயம் பட்ட வீரர்களுக்குத் தோல் ஒட்டியவர் இளம் டாக்டர் ஜோசப் மரே. ஒருவர் தோலை இன்னொருவர் உடம்பு ஏன் தள்ளிவிடுகிறது என்ற கேள்வி அங்கேதான் அவரைப் பற்றிக்கொண்டது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் அவர் தலைமையில் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. பெற்றுக்கொண்ட ரிச்சர்ட் ஹெரிக், அமெரிக்கக் கடலோரக் காவல்படையில் இருந்தவர். தந்தவர் அவரோடு பிறந்த, உருவம் ஒத்த இரட்டையரான ரொனால்ட். அதனால் ரிச்சர்டின் உடம்பு அதைத் தள்ளிவிடவில்லை. ரிச்சர்ட் அதன்பின் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 79 வயது வரை இருந்து 2010இல் காலமானார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி விதிகளுக்கு வருவோம். பணியில் இருக்கும் படைவீரர் உறுப்பு தர ராணுவம் தடை போடவில்லை. ஆனால் அது அவருடைய விருப்பம் மட்டும் சார்ந்த விஷயமும் இல்லை. கமாண்டரின் ஒப்புதல் வேண்டும். தானத்தால் பணித் தகுதிக்கு என்ன நேரலாம் என்பதை மருத்துவர் எடுத்துச் சொல்லி, வீரர் புரிந்துகொண்டதற்குப் பதிவு இருக்க வேண்டும். 'என் உடம்பு, என் அக்கா, நடுவில் கமாண்டர் யார்?' என்ற கோபம் நியாயமானது. ஆயினும் ஒரு பிரிவு புறப்படும் நேரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் விலகினால், அவர் இடத்தில் இன்னொருவர் போக வேண்டியிருக்கிறது. கையெழுத்துக்கு இருக்கும் காரணம் அதுதான். ஆகவே அறுவைக்குத் தேதி குறித்துவிட்டுக் கமாண்டரிடம் போகக் கூடாது. பரிசோதனை தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். பரிசோதனைக்கே சில மாதங்கள் பிடிக்கும்.

பாதுகாப்புத் துறைக்கு உள்ள ஒரே உறுப்பு மாற்று மையம் மேரிலாந்தின் பெதஸ்டாவில் இருக்கும் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைதான். அக்கா வேறு மாநிலத்தில் இருந்தால் அங்குள்ள சிவிலியன் மருத்துவமனையிலும் தரலாம். காகித வேலை கூடும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சாதாரணக் குடிமக்கள் சிறுநீரகம் தரத் தயங்குவதற்குப் பணமும் ஒரு பெரிய காரணம். 1984ஆம் ஆண்டின் தேசிய உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்புக்கு விலை வாங்குவது குற்றம். பயணம், தங்குமிடம், இழந்த சம்பளம் ஆகியவற்றை ஈடுகட்டலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், அந்த ஈடு எல்லோர் கைக்கும் வந்து சேர்வதில்லை. கூலி வேலை செய்பவர் ஆறு வாரம் வீட்டில் இருந்தால் வாடகைக்கு என்ன செய்வார்? படைவீரருக்கு இந்தக் கவலை இல்லை. அறுவைக்குப்பின் மருத்துவர் பரிந்துரைக்கும் ஓய்வு விடுப்பு, ஆண்டுக்கு அவருக்குச் சேரும் 30 நாள் விடுப்பில் கழிக்கப்படுவதில்லை. சம்பளம் நிற்பதில்லை. சிக்கல் வந்தாலும் பணியில் இருக்கும்வரை சிகிச்சை இலவசம். இந்த ஒன்றில் மட்டும் சீருடை ஒரு பாக்கியம்.

அறுவை எப்படி நடக்கும்? 1995இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் லேப்ராஸ்கோபி மூலம் சிறுநீரகம் எடுத்துக் காட்டியபிறகு, விலாவைக் கிழித்து எடுத்த காலம் போய்விட்டது. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்பச் செய்வார்கள். மூன்று நான்கு சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் நுழையும். பெரும்பாலும் இடது சிறுநீரகத்தையே எடுப்பார்கள், அந்தப் பக்கத்துச் சிரை நீளமானது என்பதால். கடைசியில் அடிவயிற்றில் ஒரு கை அளவுக்கும் குறைவான கீறல் வழியே அதை வெளியே கொண்டுவருவார்கள். மறுநாள் வயிற்றைவிடத் தோள் வலிக்கிறது என்று பலர் சொல்வதுண்டு. உள்ளே தங்கிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை நாலரைக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.

அந்த நாலரைக் கிலோவை ஒரு காலாட்படை வீரரின் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் சிறந்த காலாட்படை வீரர் சின்னத்துக்கான தேர்வில் 16 கிலோ சுமையோடு 12 மைல் தூரத்தை மூன்று மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். களத்தில் கவசம், தோட்டா, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் சுமை அதைவிட இரண்டு மூன்று மடங்கு. அலுவலகம் போகிறவர் ஒரு மாதத்தில் மேசைக்குத் திரும்பலாம். காலாட்படை வீரர் பழைய உடல்வலிமைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். உடற்தகுதித் தேர்வின் தேதியையும் இதோடு சேர்த்தே யோசிக்க வேண்டும்.

உயிருக்கு என்ன ஆபத்து? அறுவையை ஒட்டிய இறப்பு முன்பு 10,000 பேரில் மூவர் என்று கணக்கிடப்பட்டிருந்தது. அண்மைய பத்தாண்டுகளில் அது ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நீண்டகாலக் கணக்குதான் இளைஞருக்கு முக்கியம். 2014இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, சிறுநீரகம் தந்தவர்களில் 10,000க்கு 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகச் செயலிழப்பு வரலாம். அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் தராதவர்களில் அது 14 பேர். பரிசோதனை எதுவும் செய்யப்படாத பொதுமக்களில் 326 பேர். 90 என்பது சிறிய எண்தான். ஆனால் 26 வயதுக்காரருக்கு முன்னால் இன்னும் ஐம்பது அறுபது ஆண்டுகள் கிடக்கின்றன. 55 வயதுக்காரருக்கு அவ்வளவு இல்லை. குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ளவர்களும், சிறுநீரக நோய் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஎல்1 மரபணு மாறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர்களும் இந்தக் கணக்கைத் தங்களுக்கென்று தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். படையில் இருக்கும் பெண்கள் குழந்தைப்பேறு பற்றியும் யோசிக்க வேண்டும். தந்தபிறகு கருவுற்ற பெண்களில் 11 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கல் வந்தது என்றும், தராதவர்களில் அது 5 சதவீதம் என்றும் ஒரு கனடிய ஆய்வு காட்டியது.

புள்ளிவிவரத்தில் வராத ஓர் அபாயம் மாத்திரை டப்பாவில் இருக்கிறது. அமெரிக்கப் படை முகாம்களில் முழங்கால் வலிக்கும், முதுகு வலிக்கும், எல்லாவற்றுக்கும் 800 மில்லிகிராம் இபுபுரூஃபன்தான். வீரர்கள் அதைச் செல்லமாக 'வைட்டமின் எம்' என்கிறார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் முதல் வரிசையில் இருப்பது அதே இபுபுரூஃபன். வெயிலில் நீர் வற்றிய உடம்பில், தசை சிதையும் அளவுக்கு ஓடிய பிறகு, இரண்டு மாத்திரையை விழுங்கினால் மூன்று பக்கமிருந்தும் அடி விழுவது அந்த ஒற்றைச் சிறுநீரகத்துக்குத்தான். அலுவலகத்தில் வேலை செய்யும் கொடையாளருக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து வருவது அபூர்வம். வீரருக்கு அது ஒரு பயிற்சி நாள். தரும் முடிவை எடுப்பவர், இனி வலிக்கு வேறு மருந்து, தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பு என்ற ஒழுக்கத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு சிறுநீரகம் போனபின் மற்றது சற்றுப் பெருத்து வேலையைக் கூட்டிக்கொள்ளும். மொத்தத் திறன் பழையதில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு வந்து நிற்கும். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறியே இருக்கும். விவரம் தெரியாத ஒரு மருத்துவர் அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சிறுநீரக நோய் என்று எழுதிவிட்டால், களப்பணிக்குப் போகும் தகுதி கேள்விக்குள்ளாகும். தானம் செய்த விவரமும், செய்தபின் நிலைத்த கிரியேட்டினின் அளவும் மருத்துவப் பதிவின் முதல் பக்கத்திலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. விமானம் ஓட்டுபவர்கள், ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள், சிறப்புப் படைப் பிரிவினர் ஆகியோருக்குத் தனி மருத்துவத் தகுதி விதிகள் உள்ளன. அவர்கள் கையெழுத்துப் போடும் முன் தங்கள் பிரிவு மருத்துவரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி இறங்கக் கூடாது.

இதெல்லாம் இப்போதே தருவது பற்றி. மற்ற வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தது வவுச்சர்தான்.

நேரடியாகப் பொருந்தாதபோது இரண்டு ஜோடிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் பரிமாற்றத் தானம் நமக்கு ஓரளவு பழக்கமானது. அதில் படைவீரருக்கு ஒரு சங்கடம் உண்டு. பல ஜோடிகள் சேரும் பரிமாற்றச் சங்கிலியில் யார் எப்போது பொருந்துவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பொருத்தம் வரும் வாரத்தில் அவர் கப்பலில் இருக்கலாம். 2014இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இந்த முடிச்சை அவிழ்த்தார். அவருடைய பேரனுக்கு அப்போது வயது 4. பிற்காலத்தில் அவனுக்குச் சிறுநீரகம் தேவைப்படும் என்பது தெரியும். அதற்குள் தாத்தாவுக்குத் தரும் வயது கடந்துவிடும். எனவே அவர் அப்போதே முன்பின் தெரியாத ஒருவருக்குத் தந்துவிட்டு, பேரனுக்குத் தேவை வரும்போது முன்னுரிமை கிடைக்கும்படி ஒரு வவுச்சர் பெற்றார். அமெரிக்காவின் தேசியச் சிறுநீரகப் பதிவகம் இப்போது இதை ஒரு திட்டமாக நடத்துகிறது. நோயே இல்லாத குடும்பத்தினர் ஐவர் வரை பெயர் கொடுத்துவைக்கும் குடும்ப வவுச்சரும் உண்டு. ஐவரில் முதலில் தேவைப்படும் ஒருவருக்குத்தான் அது பயன்படும்.

இடமாறுதலும் களப்பணியும் மாறி மாறி வரும் வாழ்க்கைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பயிற்சிப் பள்ளியிலோ தலைமையகத்திலோ மேசைப் பணியில் இருக்கும் ஆண்டில் தந்துவிடலாம். அக்காவுக்கு இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை, இரண்டு மூன்று ஆண்டில் தேவைப்படும் என்ற நிலையில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. குறைகளும் இருக்கின்றன. வவுச்சர் முன்னுரிமை தருமே தவிர, சிறுநீரகத்துக்கு உத்தரவாதம் தராது. எல்லா மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் இல்லை. அக்கா ஏற்கெனவே டயாலிசிஸில் வாடுகிறார் என்றால் நேரடித் தானத்தையோ சாதாரணப் பரிமாற்றத்தையோதான் முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் 90,000க்கு மேல். உயிரோடு இருப்பவர் தரும் சிறுநீரகம் இறந்தவரிடமிருந்து வருவதைவிடப் பொதுவாகப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பணி முடியட்டும், பிறகு தரலாம் என்று தள்ளிவைப்பது நியாயமாகத் தோன்றும். முன்பின் தெரியாதவருக்குத் தர நினைப்பவருக்கு அதையே நானும் சொல்வேன். அவசரம் இல்லை, வயதும் சற்றுக் கூடியிருக்கும், பிற்காலத்தில் வரும் நோய்களும் முகம் காட்டியிருக்கும். ஆனால் நான்கு ஆண்டு ஒப்பந்தத்தோடு வெளியேறும் வீரர் ராணுவக் காப்பீடான ட்ரைகேரை இழக்கிறார். பொதுவாக 20 ஆண்டு பணியாற்றி ஓய்வுபெறுபவருக்குத்தான் அது தொடரும். சம்பளத்தோடு விடுப்பு என்ற சலுகையும் அவரோடு வெளியே வராது. காப்பீடு போவது, பணியில் இருக்கும்போதே தந்துவிட்டு வெளியேறுபவருக்கும் பொருந்தும். ஆண்டுக்கொருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பார்க்கும் பழக்கம் வாழ்நாள் முழுவதும் வேண்டும். மருத்துவமனை கொடையாளரைக் கணக்கில் வைத்துப் பின்தொடர வேண்டிய கட்டாயம் இரண்டு ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படையில் சேர நினைக்கும் இளைஞர் ஒருவர் சேருமுன்பே சிறுநீரகம் தந்துவிட்டால் கதையே வேறு. ஒரு சிறுநீரகம் இல்லாதது சேர்க்கை விதிகளில் தகுதியிழப்பு. விலக்கு கேட்கலாம், கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. உள்ளே இருப்பவர் தந்தபின் பணியில் தொடர முடிகிறது, வெளியே இருப்பவர் தந்தால் கதவு மூடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆயினும் விதி அதுதான்.

கல்லீரலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், என் கருத்து தெளிவாக இருப்பதால். பெரியவர் ஒருவருக்குத் தர வலது பக்கத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வரை எடுப்பார்கள். சில மாதங்களில் அது வளர்ந்து ஏறத்தாழப் பழைய அளவுக்கு வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் இறப்பு அபாயம் சிறுநீரக தானத்தைவிடப் பல மடங்கு, சுமார் 500 பேரில் ஒருவர் என்பார்கள். பித்தநீர்க் கசிவு முதல் குடலிறக்கம் வரை சிறிதோ பெரிதோ ஏதேனும் ஒரு சிக்கல் மூன்றில் ஒருவருக்கு மேல் வருகிறது. வயிற்றுத் தசையை அறுத்த பெருங்காயத்தோடு சுமை தூக்கும் தொழிலுக்குத் திரும்புவது எளிதல்ல. பெற்ற பிள்ளைக்கு என்றால் இடது ஓரத்துச் சிறு பகுதியே போதும், அபாயமும் குறைவு. அந்தத் தாய் தந்தையிடம் யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றபடி, களப்பணி நெருங்கும் ஆண்டில் கல்லீரல் தருவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

முன்பின் தெரியாத ஒருவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்போடு இருக்கும் இளம் வீரருக்கு நான் முதலில் காட்டும் வழி எலும்பு மஜ்ஜை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கென்றே, நாடாளுமன்ற உறுப்பினர் பில் யங்கின் பெயரில், ஒரு மஜ்ஜை தானத் திட்டம் இருக்கிறது. கதிர்வீச்சுத் தாக்குதல் நடந்தால் முதலில் அழிவது மஜ்ஜை என்பதால் கடற்படை இதில் நெடுங்காலம் அக்கறை காட்டிவந்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு முடிந்தது. பொருத்தம் வந்தால், ரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களைப் பெருக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசியைப் பெரும்பாலும் ஐந்து நாள் போட்டுக்கொள்ள வேண்டும். இடுப்பும் முதுகும் காய்ச்சல் கண்டதுபோல் வலிக்கும். பிறகு ஒரு கையிலிருந்து எடுக்கும் ரத்தம் இயந்திரத்தில் சுழன்று, குருத்தணுக்களை விட்டுவிட்டு மறு கை வழியே திரும்பும். நான்கு முதல் எட்டு மணி நேரம் சாய்ந்து படுத்திருந்தால் போதும். சில நாட்களில் பழையபடி ஓடலாம். இழந்த குருத்தணுக்களை உடம்பே ஈடுசெய்துகொள்ளும். இதற்கும் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், ஆனால் அது பட்டாலியனின் புறப்பாட்டைக் குலைக்கும் அளவு பெரிய விஷயமல்ல. தெற்காசிய வம்சாவளியினருக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். அமெரிக்கப் பதிவேட்டில் வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 79 சதவீதம். ஆசிய வம்சாவளியினருக்கு அது 47 சதவீதம் அளவில் நிற்கிறது. சீருடை அணிந்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் பதிவு அந்தப் பட்டியலில் எவ்வளவு அருமையானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இறந்தபின் தருவதாகப் பதிவுசெய்வது எல்லோரும் செய்யக்கூடியது, மற்ற எந்த வழியோடும் மோதாதது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டு ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூல் ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட வீரர்களில் சிலர் மூளைச்சாவு அடைந்தார்கள். 2005 முதல் 2010 வரை அந்த மருத்துவமனையில் இறந்த 34 அமெரிக்கப் படையினர் 142 உறுப்புகளைத் தந்தார்கள். அவை சென்று சேர்ந்தது பெரும்பாலும் முகம் தெரியாத ஐரோப்பியர்களிடம்.

படைக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. சிறுநீரகம் தேவைப்படுபவர் அக்கா இல்லை, தன் மேலதிகாரியோ அவருடைய மனைவியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நான் தருகிறேன்' என்று முன்வரும் இளநிலை வீரரின் மனத்தில் எவ்வளவு அன்பு, எவ்வளவு அச்சம் என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? பிரிவில் எல்லோரும் கைதட்டிப் பாராட்டிய பிறகு மனம் மாறினால் எப்படிச் சொல்வது? இதற்காகவே அமெரிக்க மாற்று மையங்களில் ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒரு தனி ஆலோசகரை நியமித்தாக வேண்டும். பெறுபவரின் சிகிச்சைக் குழுவில் அவருக்குப் பங்கு கிடையாது. கொடையாளர் மயக்க மருந்து ஏறும் கணம் வரை பின்வாங்கலாம். அப்படிப் பின்வாங்கினால், 'இவர் தானத்துக்கு ஏற்றவர் அல்ல' என்பதற்கு மேல் மருத்துவமனை யாரிடமும் காரணம் சொல்லாது. ஆனால் ராணுவத்தில் மருத்துவத் தகவலின் ஒரு பகுதி பணித் தகுதி என்ற பெயரில் கமாண்டரிடம் போக விதி இடம் கொடுக்கிறது. மேலதிகாரிக்கோ அவர் குடும்பத்துக்கோ தரும் நிலையில் இருப்பவர், பரிசோதனையைத் தன் பிரிவோடு தொடர்பில்லாத சிவிலியன் மையத்தில் செய்துகொள்வதே சரி. தனி ஆலோசகரை முதல் நாளே தனியாகச் சந்தித்து, என் முடிவு யாரிடம் போகும், எவ்வளவு போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் சார்ஜன்டிடம் திரும்பினால், அவருக்கு நான் சொல்வது இது. அக்கா ஏற்கெனவே டயாலிசிஸில் இருக்கிறார், எனவே மஜ்ஜையும் வவுச்சரும் இப்போது அவருக்கான பதில் இல்லை. இந்த மாதமே ரத்தப் பரிசோதனை, அதே வாரத்தில் கமாண்டருடன் பேச்சு. குடும்பத்தில் சர்க்கரை நோய் இருப்பதால் மருத்துவர்களிடம் குளுக்கோஸ் பரிசோதனையைத் தீவிரமாகச் செய்யச் சொல்ல வேண்டும். அதில் சிறு சந்தேகம் இருந்தாலும் அவர் தரக் கூடாது. 26 வயதில் அந்தச் சந்தேகம் மிகப் பெரியது. எல்லாம் சரியாக வந்து, புறப்பாட்டுக்கு ஆறு மாதமாவது இடைவெளி இருந்தால் இப்போதே தரட்டும். இடைவெளி இல்லை என்றால், இந்தப் புறப்பாட்டிலிருந்து தன்னை விலக்கும்படி எழுத்தில் கேட்கட்டும். கமாண்டர் மறுத்தால் திரும்பி வந்தபின் தருவது, அதுவரை அக்காவை இறந்தவர் உறுப்புக்கான காத்திருப்புப் பட்டியலில் பதிவுசெய்து வைப்பது. பின்னாளில் அவருக்கே சிறுநீரகம் தேவைப்பட்டால், உயிரோடு தந்தவர் என்பதால் அமெரிக்கக் காத்திருப்புப் பட்டியலில் அவருக்கு முன்னுரிமை உண்டு. அதற்குத் தானம் செய்த பதிவு வேண்டும். மருத்துவமனை தரும் அறுவைச் சுருக்கத்தின் ஒரு பிரதியை ராணுவக் கோப்பை நம்பி விட்டுவிடாமல் தன் கையிலும் வைத்துக்கொள்ளட்டும்.